பார்க்கலாம் என்றார் மந்திரி

வெளியுறவு அமைச்சகத்தில் எந்த வல்லரசையும் பெயர் சொல்லிப் பேசுவது கிடையாது. எந்தத் தொலைபேசியில் யார் காது வைத்திருக்கிறார்களோ, யார் கண்டார்கள்? அதனால் மேற்கே இருந்த வல்லரசுக்கு ‘மாமா வீடு’ என்று பெயர். கிழக்கே இருந்ததற்குப் ‘பெரியப்பா வீடு’. யார் வைத்த பெயரோ, கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மாமா வீடு வரும்போதெல்லாம் கை நிறைய ஏதாவது கொண்டுவரும், போகும்போது வாசலில் நின்று ஏதாவது கேட்கும். பெரியப்பா வீடு அதிகம் பேசாது. கேட்டதைச் செய்துகொடுக்கும், கொடுத்த பிறகு நம் வீட்டு நாற்காலியிலேயே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அந்த இரண்டு வீட்டுக்கும் தங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு வீட்டில் நாம் சிரித்துப் பேசினால் இன்னொரு வீடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

நடுவில் நாம். ஊர் ஊராக ஜனம், அத்தனை பேருக்கும் பசி, அத்தனை பேர் வீட்டிலும் விளக்கு எரிய வேண்டும். அந்த வருஷம் மழை வேறு ஏமாற்றிவிட்டது. தானியம் ஏற்றிய மாமா வீட்டுக் கப்பல்கள் நடுக்கடலில் வந்துகொண்டிருந்தன. பெரியப்பா வீட்டுப் பொறியாளர்கள் கட்டிக்கொண்டிருந்த மின் நிலையம் பாதிதான் முடிந்திருந்தது. சோறு ஒரு வீட்டிலிருந்து, வெளிச்சம் இன்னொரு வீட்டிலிருந்து. இப்படி ஒரு நிலைமையில் யாரைப் பகைத்துக்கொள்வது, சொல்லுங்கள்.

இரண்டு வீட்டுப் பாஷையும் தெரிந்தவள் அமைச்சகத்தில் ஒருத்தி இருந்தாள். மந்திரியின் மொழிபெயர்ப்பாளர். அவளை எல்லோரும் ‘துபாஷி’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கிண்டலாக வைத்த பெயர், பிறகு மரியாதையாகிவிட்டது. மந்திரியின் இடது தோளுக்குச் சற்றுப் பின்னால் கைப்பிடி இல்லாத ஒரு சின்ன நாற்காலி போட்டிருப்பார்கள். அதுதான் அவள் இடம். புகைப்படத்தில் அந்த நாற்காலி பாதி வெட்டுப்பட்டுத்தான் விழும். ஆனால் மந்திரி ஒரு வார்த்தை பேசினால் அது அந்த நாற்காலியைத் தாண்டித்தான் உலகத்துக்குப் போக வேண்டும். அத்தனை வருஷத்தில் தன் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூடத் தவறாக வந்ததில்லை என்பதில் அவளுக்குப் பெருமை. கொஞ்சம் தலைக்கனம் என்றுகூடச் சொல்லலாம். இருந்துவிட்டுப் போகட்டும், வேலை அப்படி.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் அவள் சொதப்பினாள்.

மாமா வீட்டிலிருந்து சிறப்புத் தூதர் வந்திருந்தார். நெட்டையான ஆள். எதற்கெடுத்தாலும் சத்தமாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்பி யாராவது கையெழுத்துப் போட்டால் அவ்வளவுதான். பேச்சு முடிந்து எல்லோரும் எழுந்திருக்கப் போகிற நேரத்தில், ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்தவர் போல நெற்றியைத் தட்டிக்கொண்டு, “உங்கள் தெற்குத் துறைமுகத்துக்கு எங்கள் கடற்படைக் குழு ஒருமுறை வரலாமா?” என்று கேட்டார்.

அறையில் இருந்த எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் துறைமுகம் நம் கையால், நம் காசால் கட்டியது. எவ்வளவு பெரிய கப்பலும் நுழையக்கூடிய ஆழம். அதன்மேல் இரண்டு வீட்டுக்கும் கண். மாமா வீடு தன் போர்க்கப்பலை நிறுத்த இடம் கேட்டது. பெரியப்பா வீடு அதை விரிவுபடுத்தித் தருகிறேன், சாவியைக் கொஞ்ச காலம் என்னிடம் கொடு என்றது. இருவருக்கும் நம் மந்திரி இதுவரை பிடிகொடுத்ததே இல்லை.

மந்திரி அசரவில்லை. முன்பு வக்கீலாக இருந்தவர். இல்லை என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். ஆமாம் என்றும் சொல்ல மாட்டார். புன்னகை மாறாமல் கையை லேசாக ஜன்னல் பக்கம் வீசினார். “துறைமுகம்தானே... பார்க்கலாம், பார்க்கலாம்” என்றார்.

மேல்மாடி அறை அது. ஜன்னலுக்கு வெளியே அந்தத் துறைமுகம்தான் தெரிந்தது. பாரந்தூக்கிகள், அலைதடுப்புச் சுவர், அதற்கப்பால் நீலமாகக் கடல். துபாஷியின் கண் மந்திரியின் கை போன வழியே போனது, நாக்கு கண்ணின் பின்னால் போனது. “துறைமுகம்தானே? தாராளமாகப் பாருங்கள், பாருங்கள்” என்று மாமா வீட்டுப் பாஷையில் கணீரென்று சொல்லிவிட்டாள்.

தூதர் சிரிக்கக்கூட மறந்துபோனார். அப்புறம் எழுந்து மந்திரியின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். மந்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு ‘பார்க்கலாம்’ சொன்னதற்கு இந்த மனிதர் ஏன் இப்படிக் கையைப் பிய்க்கிறார் என்று யோசித்துக்கொண்டே வழியனுப்பிவைத்தார். மாமா வீட்டுப் பாஷை தெரிந்த வெளியுறவுச் செயலாளர் மட்டும் சுவரோரம் முகத்தில் ஈயாடாமல் நின்றிருந்தார்.

தூதர் கீழே இறங்கியதும் வாசலில் காத்திருந்த நிருபர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். தெற்குத் துறைமுகத்தைப் பார்வையிட அவருடைய நாட்டுக் கடற்படைக் குழுவுக்கு அழைப்பு வந்திருக்கிறதாம், குழு இந்த வாரமே வருகிறதாம். செயலாளரின் கைபேசி அடித்தது. நிற்கவே இல்லை.

“என்னய்யா நடந்தது?” என்று கேட்டார் மந்திரி.

செயலாளர் சொன்னார். சொல்லி முடித்ததும், “நீங்கதான் மனசு மாறிட்டீங்களோன்னு நினைச்சேன் சார். அதான் குறுக்கே பேசலை” என்றார்.

மந்திரி மெதுவாகத் துபாஷி பக்கம் திரும்பினார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் ஆச்சரியமாகத்தான் கேட்டார். “நான் முடியாதுன்னுதானேம்மா சொன்னேன்.”

“சார், நீங்க பார்க்கலாம்னு...”

“பார்க்கலாம்னா முடியாதுன்னுதானே அர்த்தம். உங்க வீட்டுல அப்படி இல்லையா?”

அவள் வீட்டில் சமையலறைக் குழாய் மாசக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்தது. சரிபண்ணச் சொல்லும்போதெல்லாம் அவள் கணவன் தரும் பதில் அந்த ஒரு வார்த்தைதான். அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியாதா? உலகத்தில் வேறு யாரைவிடவும் நன்றாகவே தெரியும். ஒரு ஜன்னலும் ஒரு கையசைப்பும் சேர்ந்து அவள் கழுத்தை அறுத்துவிட்டன.

அவர்கள் பேசி முடிக்கவில்லை, பெரியப்பா வீட்டுத் தூதர் வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். குள்ளமான, நிதானமான மனிதர். அவர் முன்னால் வைத்த தேநீரை எப்போதும் கடைசிச் சொட்டுவரை குடிப்பவர். அன்று கோப்பையைத் தொடவே இல்லை. துறைமுகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “மின் நிலையத்தில் வேலை செய்யும் எங்கள் பொறியாளர்களுக்குத் திடீரென்று சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது. எல்லோரும் ஒரே சமயத்தில் விடுப்புக் கேட்கிறார்கள். நான் என்ன செய்ய?” என்று மட்டும் கேட்டார். துபாஷி அதை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் மொழிபெயர்த்தாள். தூதர் எழுந்து போன பிறகும் அந்தக் கோப்பையில் ஆவி வந்துகொண்டிருந்தது.

கதவு சாத்தியதும் செயலாளர் நேராக விஷயத்துக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவைக்கிற மனிதர், அவ்வளவுதான். “ஒரே வழிதான் சார் இருக்கு. மொழிபெயர்ப்புல பிழை ஆயிடுச்சு, அழைப்பு எதுவும் கொடுக்கலைன்னு அறிக்கை விட்டுடலாம். மேடத்தை இந்த வேலையிலேர்ந்து எடுத்துட்டு, ஆவணக் காப்பகத்துக்கு மாத்திடலாம். அப்பதான் நாம சொல்றதை நம்புவாங்க.”

“அறிக்கை விட்டா மாமா வீட்டுக்கு அவமானம் ஆயிடுமே சார்” என்றாள் துபாஷி. “ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. இப்ப இல்லைன்னா, தானியக் கப்பல் நடுக்கடல்லயே திரும்பினாலும் திரும்பும்.”

“அறிக்கை விடலைன்னா கரண்டு வராமலே போயிடும்” என்றார் செயலாளர். “பிழை நம்மளோடது மேடம். யாராவது ஒருத்தர் ஏத்துக்கணும் இல்லையா? மாத்தல் உத்தரவு போட்டுடட்டுமா சார்?”

மந்திரி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். “பார்க்கலாம்” என்றார்.

துபாஷி அவர் முகத்தையே பார்த்தாள். இப்போது இதற்கு என்ன அர்த்தம்? முடியாது என்றா, இல்லை யோசிக்கிறேன் என்றா, இல்லை போடு என்றா? காலமெல்லாம் அந்த மனிதரின் வாயைப் பார்த்தே பிழைத்தவளுக்கு, தன் தலையெழுத்தே அந்த ஒரு வார்த்தையில் தொங்கும்போது அது பிடிபடவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. “காலையில ரெண்டு பேரும் வாங்க. அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்க வேண்டாம்” என்று மந்திரி எழுந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் அந்த நாற்காலியைத்தான் நினைத்துக்கொண்டு போனாள். ஆவணக் காப்பகம் என்பது அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. ஜன்னல் இல்லாதது இனி நமக்கு நல்லதுதான் என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. பேருந்தில் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். வேலை போவதைவிட, துறைமுகத்தைக் காட்டிக்கொடுத்த வாய் தன்னுடைய வாய் என்று ஆகிவிட்டதே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

வீட்டு வாசலில் ஒரே கூட்டம். அவள் கணவனுடைய அக்கா மாடியில் இருந்தாள். தன் பக்கத்துப் போர்ஷனை வாடகைக்கு விடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் சமையலறை சின்னது, வெளிச்சம் போதாது, வெயில் நேரே அடிக்கிறது என்று குறை சொல்லிவிட்டு, பாதி வாடகைக்குக் கேட்டுவிட்டுப் போவார்கள். இன்று என்ன கோளாறோ, இரண்டு குடும்பம் ஒரே நேரத்தில் வந்து நின்றது.

“ஏம்மா, ரெண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லித் தொலைச்சிட்டேன்” என்று நாத்தனார் அவள் காதில் கிசுகிசுத்தாள். “யாரை முதல்ல மேல கூட்டிட்டுப் போறது? ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனா இன்னொருத்தர் கோச்சுக்கிட்டுப் போயிடுவாங்க.”

“ரெண்டு பேரையும் சேர்த்தே கூட்டிட்டுப் போங்க அண்ணி” என்றாள் துபாஷி, எதையும் யோசிக்காமல். தலைவலி அவளுக்கு.

எல்லோரும் மாடி ஏறினார்கள். துபாஷியும் பின்னால் போனாள், கீழே போய்த் தனியாக உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும் என்று. அங்கே நடந்ததைப் பார்த்து அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. சமையலறை சின்னது என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. முதல் குடும்பத்து அம்மா அலமாரியைத் திறந்தால், இரண்டாவது குடும்பத்து அம்மா அந்த அலமாரியைப் பார்க்கவில்லை, திறந்தவள் முகத்தைப் பார்த்தாள். ஒருவர், “காத்து நல்லா வருது” என்றார். உடனே இன்னொருவர், “வெளிச்சமும் நல்லாதான் இருக்கு” என்றார். வந்த இரண்டு குடும்பமும் வீட்டைப் பார்க்கவே இல்லை. ஒருவரை ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சுவருக்கு நாங்களே வெள்ளை அடிச்சுக்கிறோம்” என்றது ஒரு குடும்பம்.

“குழாயெல்லாம் நாங்களே மாத்திக்கிறோம்” என்றது இன்னொரு குடும்பம்.

நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி நின்றாள். “அதுக்கென்ன, பார்க்கலாம்” என்றாள்.

துபாஷி மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் பதறிப்போய், “என்னம்மா, உடம்புக்கு முடியலையா?” என்று ஓடிவந்தாள். துபாஷி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நாத்தனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்ததே கிடையாது.

மறுநாள் காலை செயலாளர் அறிக்கையையும் மாறுதல் உத்தரவையும் தட்டச்சு செய்து கையோடு கொண்டுவந்திருந்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. துபாஷி அவரைப் பேசவே விடவில்லை.

“சார், சொன்ன வார்த்தையை வாபஸ் வாங்க வேண்டாம். அதன்மேலயே நிப்போம். பார்க்கலாம்னு சொன்னோம். சரி, பார்க்கட்டும். மாமா வீடும் பார்க்கட்டும், பெரியப்பா வீடும் பார்க்கட்டும். ஒரே நாள், ஒரே படகு. ரெண்டு பேரையும் நாமே சுத்திக் காட்டுவோம்.”

மந்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “மாமா வீட்டுக் குழு அளக்கிற கருவி, கேமரா எல்லாம் கொண்டுவரும் மேடம். சும்மா வேடிக்கை பார்க்கவா வர்றாங்க?”

“பார்க்கலாம்னுதானே சார் சொன்னோம். அளக்கலாம்னு யார் சொன்னா? நான் சொன்னது தப்புதான். ஆனா சொன்னது ‘பாருங்க’ங்கிற ஒரு வார்த்தைதான். கண்ணால எவ்வளவு வேணாலும் பார்க்கட்டும்.”

“ரெண்டு பேரும் ஒரே படகுல ஏறுவாங்களா?”

“ஏறாம இருக்க முடியாது சார். ஏறாட்டா இன்னொருத்தர் தனியா பார்த்துடுவாரே.”

மந்திரியின் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல வந்தது. அதைப் பார்த்துத் துபாஷிக்குப் போன உயிர் பாதி திரும்பியது. மந்திரி செயலாளர் பக்கம் திரும்பி, “என்னய்யா சொல்றீங்க?” என்றார்.

செயலாளர் அறிக்கையைத் திரும்பவும் உறைக்குள் போட்டார். எல்லாவற்றையும் அடுக்கிவைக்கிற மனிதர் என்று முன்பே சொன்னேன் அல்லவா, அதை இப்போது காட்டினார். “படகுல இருக்கை ஒரு பிரச்சினை சார். வலது பக்கம் யாருக்குங்கிறதுல சண்டை வரும். ஆனா ஒண்ணு பண்ணலாம். போகும்போது கரை வலது பக்கம் வருது. மாமா அந்தப் பக்கம் உக்காரட்டும். திரும்பி வரும்போது அதே கரை இடது பக்கம் வந்துடும், பெரியப்பாவுக்கு நேரா. யாரும் இடம் மாற வேண்டாம். படகு திரும்பினா போதும்.”

“இதுக்குத்தான்யா நீங்க வேணும்” என்றார் மந்திரி.

அழைப்பு இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில், ஒரே வாசகத்தில் போனது. இரண்டு வீட்டிலிருந்தும் முதலில் வந்தது கோபம்தான். அடுத்து வந்த கேள்வி இரண்டு வீட்டுக்கும் ஒன்றே. ‘அவர்கள் வருகிறார்களா?’ வருகிறார்கள் என்று பதில் போனது. அதன் பிறகு யாரும் கோபத்தைப் பற்றிப் பேசவில்லை.

பார்வையிடும் நாள் வெயிலும் காற்றுமாக நன்றாகவே விடிந்தது. மாமா வீட்டுக் குழுவினர் தோளில் பெட்டி பெட்டியாக மாட்டிக்கொண்டு வந்தார்கள். துறைமுக வாசலில் காவலர், பெட்டிகளை இங்கேயே வைத்துவிட்டுப் போகலாம், பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். தூதர் முதல்முறையாகச் சிரிக்காமல் துபாஷியைப் பார்த்தார். அவள் சிரித்தாள்.

படகில் ஒரே ஒரு நீளமான பலகை இருக்கைதான். நெட்டையும் குட்டையும் அதில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு சாண் இடம் விட்டு. எதிரே மந்திரி. அவர் தோளுக்குப் பின்னால், எங்கிருந்தோ செயலாளர் கொண்டுவந்து போட்டிருந்த கைப்பிடி இல்லாத அதே சின்ன நாற்காலி. இதில் உட்காருவது இதுதான் கடைசியோ என்று துபாஷிக்கு ஒரு பயம். உட்கார்ந்தாள்.

படகு புறப்பட்டது. பிரமாண்டமான பாரந்தூக்கிகள் மெதுவாக நகர்ந்தன. சுவரோரம் நம் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு இந்த வேடிக்கையைப் பார்த்தார்கள். ஆனால் படகில் இருந்த இருவரும் துறைமுகத்தைப் பார்த்தார்களா என்று கேட்டால், இல்லை. மாமா வீட்டுத் தூதர் அலைதடுப்புச் சுவரைக் காட்டி ஏதோ கேட்டால், பெரியப்பா வீட்டுத் தூதர் அந்தச் சுவரைப் பார்க்கவில்லை, கேட்டவர் முகத்தைப் பார்த்தார். இவர் ஆழத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். மாடிப் போர்ஷனேதான். துபாஷி உள்ளுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

முதலில் வாய்விட்டவர் மாமா வீட்டுத் தூதர். “எங்கள் தானியக் கப்பல்கள் நேராக இந்தத் துறைமுகத்துக்கே வரட்டும். உங்கள் ஆட்களே இறக்கட்டும். அடுத்த பருவத்துக்கும் சேர்த்தே அனுப்பலாம் என்று இருக்கிறோம்” என்றார்.

துபாஷி மொழிபெயர்த்தாள், எல்லோருக்கும் கேட்கிற குரலில். பெரியப்பா வீட்டுத் தூதருக்கு மாமா வீட்டுப் பாஷை தெரியாது என்பது அமைச்சகத்தில் எல்லோரும் நம்புவது போல நடிக்கிற ஒரு விஷயம். அவர் தன் பாஷையில் மொழிபெயர்ப்பு வரும்வரை காத்திருக்கவில்லை. “இந்தத் துறைமுகத்துக்கு வெளிச்சம் போதாது போலிருக்கிறதே. மின் நிலையத்தைச் சொன்ன தேதிக்கு முன்பே முடித்துவிடுகிறோம். முதல் மின்சாரம் இங்கேதான் வரும்” என்றார்.

“பொறியாளர்கள் ஊருக்குப் போகணும்னு கேட்டாங்களே?” என்று விசாரித்தார் மந்திரி, ரொம்ப அக்கறையாக.

துபாஷி அதையும் கேட்டாள். “ஊர் ஞாபகம் போய்விட்டது” என்றார் தூதர்.

படகு திரும்பியது. கரை இப்போது பெரியப்பா பக்கம் வந்தது. மாமா வீட்டுத் தூதர் உடனே கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் மந்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மாமா வீட்டுத் தூதரே கேட்டுவிட்டார். “அப்படியானால் துறைமுகம் விஷயம்?”

மந்திரி கையை லேசாகக் கடல் பக்கம் வீசினார். “பார்க்கலாம்” என்றார்.

அதே வார்த்தை. அதே கை. எல்லோருடைய கண்ணும் துபாஷி மேல் விழுந்தது. செயலாளர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பாருங்கள் என்று சொன்னால் மறுபடியும் வம்பு. முடியாது என்று சொன்னால் தானியமும் வெளிச்சமும் இந்தக் கடலிலேயே போய்விடும். யோசிக்கிறோம் என்றால் எப்போது, யாரிடம் என்று பிடித்துக்கொள்வார்கள். அவள் இரண்டு பாஷையிலும் தேடினாள். கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் சரி என்று அப்போது தோன்றியது. பயம் விட்டுப்போனது.

“மந்திரி சொல்கிறார், பார்க்கலாம்” என்றாள், அந்த ஒரு வார்த்தையை அப்படியே நம் பாஷையிலேயே விட்டுவிட்டு. இரண்டு பேரிடமும் அவரவர் பாஷையில் அதையே சொன்னாள்.

“அப்படியென்றால் ஆமாம் என்றா, இல்லை என்றா?” என்று கேட்டார் மாமா வீட்டுத் தூதர்.

“அதற்கு உங்கள் பாஷையில் வார்த்தை இல்லை. இவர்கள் பாஷையிலும் இல்லை. கதவு திறந்திருக்கிறது, சாவி எங்களிடம் இருக்கிறது என்று அர்த்தம்.”

மாமா வீட்டுத் தூதர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர் இவரைப் பார்த்தார். தனக்குக் கிடைக்கவில்லை, ஆனால் அவனுக்கும் கிடைக்கவில்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். முதலில் பெரியப்பா வீட்டுத் தூதர்தான் தலையை ஆட்டினார். “பாக்கலம்” என்று சொல்லிப் பார்த்தார்.

“பார்-காலம்” என்றார் மற்றவர்.

“காலம் இல்லை சார், கலாம்” என்று திருத்தினாள் துபாஷி. இரண்டு தூதர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த இரண்டு வீடும் ஒன்றாகச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மந்திரியும் சிரித்தார். செயலாளர் விளிம்பை விட்டுவிட்டுக் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தானியக் கப்பல்கள் வந்தன. இந்தத் துறைமுகத்துக்கேதான் வந்தன, நம் ஆட்கள்தான் இறக்கினார்கள். மின் நிலையமும் சொன்னதற்கு முன்பே ஓடத் தொடங்கியது. முதல் மாலை துறைமுகத்து விளக்குகள் மொத்தமும் ஒன்றாக எரிந்தபோது, மேல்மாடி ஜன்னலில் அமைச்சகமே கூடி நின்று கை தட்டியது. பாரந்தூக்கியின் உச்சியில் ஒரே ஒரு கொடிதான் பறந்தது, அது நம்முடையது. ஒரு வருஷத்துக்குள் அந்த வார்த்தை வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் ஏறிவிட்டது. ஒரு பெரிய தேசம் இரண்டு பக்கமும் சாயாமல் நிமிர்ந்து நின்றால் அதற்கு அவர்கள் வைத்த பெயர், பார்க்கலாம். நாத்தனாரின் மாடிப் போர்ஷனில் குடிவந்தவர்கள் சொன்னபடியே குழாயெல்லாம் மாற்றினார்கள். கையோடு கீழ் வீட்டுச் சமையலறைக் குழாயையும் சரிபண்ணிக் கொடுத்துவிட்டார்கள்.

விளக்கு எரிந்த அந்த மாலைதான் துபாஷி துணிந்து கேட்டாள். எல்லோரும் கீழே இறங்கிவிட்டார்கள், மந்திரி மட்டும் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்.

“சார், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு என்னை ஆவணக் காப்பகத்துக்கு மாத்தட்டுமான்னு கேட்டப்ப, நீங்க பார்க்கலாம்னு சொன்னீங்க. அதுக்கு என்ன அர்த்தம்?”

மந்திரி திரும்பவில்லை. வெளியே விளக்குகளைப் பார்த்துக்கொண்டே, “இத்தனை வருஷமா என் பக்கத்துல உக்காந்திருக்கீங்க” என்றார். “நீங்கதானேம்மா மொழிபெயர்ப்பாளர். மொழிபெயருங்க.”

துபாஷிக்குக் கண்ணீர் தாரை தாரையாக வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

“முடியாதுன்னு அர்த்தம் சார்” என்றாள்.

“சரியா சொல்லிட்டீங்க” என்றார் மந்திரி. “நாளைக்குக் காலையில பெரியப்பா வீட்டுக்காரங்க வர்றாங்க. சீக்கிரம் வந்துடுங்க.”